எண்ணாமல் எழுதிய 20: இப்போது நான் என்ன செய்வது?

மூன்றாம்_செமஸ்டர் (ஞாயிறு இரவு 9:12)

எல்லாருக்கும் வணக்கம். ஊட்டிப் பக்கம் பி.எஸ்சி. நர்சிங் படிக்கிறேன். எந்தக் கல்லூரி, எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப் போவதில்லை. தயவுசெய்து கேட்காதீர்கள்.

போன வாரம் பெண்கள் மெடிக்கல் வார்டில் போஸ்டிங். மதியம் 2 மணி வைட்டல்ஸ் பார்க்கும் வேலை எனக்கு. 18 பேர். காய்ச்சல், பல்ஸ், பிபி, ஆக்சிஜன் அளவு எல்லாம் ஒழுங்காகப் பார்த்தேன். சுவாசம், அதாவது நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்பதை மட்டும் எண்ணவில்லை. 18 பேருக்கும் 20 என்று எழுதினேன். வார்டுக்கு வந்த முதல் நாளிலிருந்தே பார்க்கிறேன், அந்தக் கட்டத்தில் 20 அல்லது 18தான் இருக்கும். காலை 6 மணிக்கும் 20, 10 மணிக்கும் 20. நானும் அதன் கீழே 20 போட்டேன்.

9ஆம் பெட்டில் ஒரு பாட்டி. இருமல், காய்ச்சல் என்று முந்தின நாள் சேர்ந்தவர். தலையில் குல்லா, கழுத்து வரை இரண்டு கம்பளி. விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கருவியை மாட்டினால் 92 காட்டியது. கை ஐஸ் மாதிரி இருந்ததால் குளிருக்கு அப்படிக் காட்டுகிறது, மலை வேறு என்று நானே முடிவு செய்துகொண்டேன். "கண்ணு, டீ குடிச்சியா" என்று கேட்டார். நன்றாகப் பேசுகிறாரே என்று அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். இப்போது யோசித்தால், அந்த மூன்று வார்த்தைக்கு நடுவிலேயே ஒரு தடவை மூச்சு வாங்கினார்.

இரவு 8 மணிக்கு டியூட்டி சிஸ்டர் கம்பளியை விலக்கி எண்ணியிருக்கிறார். 34. உடனே ஐசியூ. நிமோனியா என்றார்கள். இப்போது பரவாயில்லை என்று கேள்விப்பட்டேன்.

என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அந்தத் தாளில் 2 மணிக் கட்டத்தில் 20 இருக்கிறது, பக்கத்தில் என் இனிஷியல் இருக்கிறது. நர்சிங் ஃபவுண்டேஷன் பரீட்சையில் நர்சிங் ப்ராசஸின் ஐந்து படிகளையும் அழகாக எழுதி நல்ல மார்க் வாங்கியவள் நான். மூன்று நாளாகத் தூக்கம் இல்லை. சொல்ல வேண்டுமா? சொன்னால் என்ன ஆகும்? அந்த 20ஐ என்ன செய்வது?


நீலமலை_ரோஜா (ஞாயிறு இரவு 9:40)

தங்கச்சி, மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே. நான் ஆறு வருஷமாக ஸ்டாஃப் நர்ஸ். எல்லா வார்டிலும் நடப்பதுதான் இது. நீ மாணவி. பாட்டி பிழைத்துவிட்டார். இனிமேல் எண்ணு, அவ்வளவுதான். நீயாகப் போய்ச் சொன்னால் உன் பெயர் கெடும், அந்த ஷிஃப்டில் இருந்த சிஸ்டருக்கும் மெமோ வரும். பழசைக் கிளறாதே.


வார்டு_சிஸ்டர்_22வருஷம் (ஞாயிறு இரவு 11:05)

கண்ணு, நைட் டியூட்டியில் இருக்கிறேன், நடுநடுவே எழுந்து போவேன், அதனால் துண்டு துண்டாக வரும்.

சொல்ல வேண்டும். நாளைக் காலையிலேயே. வாட்ஸ்அப்பில் வேண்டாம். வார்டு இன்சார்ஜ் சிஸ்டரிடமும் உங்கள் கிளினிக்கல் மேடத்திடமும் நேரில் நின்று சொல். ரோஜா அக்கறையோடுதான் சொல்கிறார், அந்த அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் இதில் அவர் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஏன் என்று கேள். மதியம் 20, இரவு 34 என்று தாளில் இருந்தால் படிக்கிற டாக்டர் என்ன நினைப்பார்? ஆறு மணி நேரத்தில் திடீரென்று ஏதோ நடந்திருக்கிறது என்று நினைப்பார். நுரையீரலில் ரத்தக்கட்டி போய் அடைத்ததா, இதயமா என்று தேடுவார். மதியமே 28, 30 இருந்திருந்தால் கதை வேறு. மெதுவாக ஏறிய நிமோனியா. நீ எழுதிய எண்ணை நம்பித்தான் அவர் யோசிக்கிறார். அந்த எண் இன்னும் அங்கேயே உட்கார்ந்து தப்பான தகவலைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. இது பழசு இல்லை.

(வந்துவிட்டேன். 4ஆம் பெட்டுக்கு டிரிப் முடிந்திருந்தது.)

அந்த 20ஐ என்ன செய்வது என்று கேட்டாய். அழிக்காதே. ஒயிட்னர் தொடாதே. தாளை மாற்றி எழுதாதே. சாதாரணமாகத் தப்பாக எழுதினால் படிக்கிற மாதிரி ஒரே ஒரு கோடு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, தேதி, நேரம், கையெழுத்துப் போடுவோம். உன் விஷயத்தில் சரியான எண் என்னவென்று யாருக்குமே தெரியாது. அதனால் அங்கே புதிதாக எந்த எண்ணும் எழுதக் கூடாது. "28 இருந்திருக்கும்" என்று போட்டால் அது இரண்டாவது பொய். இன்சார்ஜ் சிஸ்டர் முன்னால், இன்றைய தேதி, இன்றைய நேரம் போட்டு, அன்று 2 மணிக்குச் சுவாசம் எண்ணப்படவில்லை என்று தாமதக் குறிப்பாக எழுத வேண்டும். எப்படி எழுதுவது, எங்கே எழுதுவது என்று அவர் சொல்வார். தனியாக நீயே ஃபைலை எடுத்துத் திருத்த மட்டும் போகாதே.

பாட்டியிடமும் குடும்பத்திடமும் சொல்வது பற்றி: அதை இன்சார்ஜும் டாக்டரும் சேர்ந்து முடிவு செய்வார்கள். நீயே கேள், "அவர்களுக்கு யார் சொல்வார்கள்?" என்று.

நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் 20 எழுதியவள்தான். ஒரு நாளில் அது எப்படிப் பழக்கமாகிறது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.


வார்டு_சிஸ்டர்_22வருஷம் (ஞாயிறு இரவு 11:48)

இன்னொன்று, எண்ணும் விதம். மலையில் இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டும், ஏனென்றால் நம் நோயாளிகள் எல்லோரும் கம்பளிக்குள் இருக்கிறார்கள். நெஞ்சு ஏறி இறங்குவது கண்ணுக்குத் தெரியாது. குளிரில் விலக்கவும் மனசு வராது.

மணிக்கட்டில் பல்ஸ் பிடி. பிடித்த கையை அப்படியே அவர் வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் நடுவில், கம்பளி மேலேயே மடக்கி வை. பல்ஸ் எண்ணி முடித்ததும் கையை எடுக்காதே. அவர் நீ இன்னும் பல்ஸ் பார்ப்பதாக நினைத்துக்கொண்டிருப்பார். இப்போது அந்தக் கை ஏறி இறங்குவதை எண்ணு. ஏறி இறங்கினால் ஒன்று. முழுசாக ஒரு நிமிடம். "மூச்சு எண்ணப் போகிறேன்" என்று முன்னால் சொன்னால் மூச்சு மாறிவிடும், அதனால் சொல்லாமல் எண்ணுவது. எண்ணும்போதே வேறு சிலதும் தெரியும்: கழுத்துத் தசை இழுக்கிறதா, மூக்குத்துளை விரிகிறதா, பேச்சின் நடுவில் நிறுத்துகிறாரா. பாட்டி மூன்று வார்த்தைக்கு நடுவில் மூச்சு வாங்கியது உனக்கு இப்போது ஞாபகம் வருகிறது பார், உன் காது அன்றைக்கே கேட்டிருக்கிறது.

92 பற்றி: ஊட்டி 2,240 மீட்டர் உயரம். கீழே இருப்பவர்களைவிட இங்கே ஆக்சிஜன் அளவு கொஞ்சம் குறைவாகக் காட்டலாம், சரி. குளிர்ந்த விரலில் கருவி ஏமாற்றும், அதுவும் சரி. அப்படியென்றால் விரலைத் தேய்த்துச் சூடாக்கி மறுபடி மாட்ட வேண்டும், வேறு விரலில் பார்க்க வேண்டும், நேற்று எவ்வளவு இருந்தது என்று பார்க்க வேண்டும். "மலைதானே" என்று சொல்லிவிட்டு நகர்வது நம் ஊரில் ரொம்ப நாளாக இருக்கும் பழக்கம். எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே பயம்.


பயிற்றுநர்_ம (திங்கள் காலை 6:20)

நர்சிங் கல்லூரியில் ஃபவுண்டேஷன் எடுப்பவள் நான். இந்தப் பதிவைப் படித்துவிட்டு டீ ஆறிப்போகும் வரை உட்கார்ந்திருந்தேன்.

ஐந்து படிகளை மனப்பாடம் செய்ததில் தப்பில்லை அம்மா. தகவல் திரட்டுவது, அதிலிருந்து நோயாளியின் பிரச்சினையை இனம் காண்பது, திட்டமிடுவது, செய்வது, பலன் தெரிந்ததா என்று திரும்பிப் பார்ப்பது. நாங்கள் இதை ஏணி மாதிரி வரைந்து காட்டுகிறோம். முதல் படி பொய்யாக இருந்தால் மேலே உள்ள நாலு படியும் காற்றில் நிற்கும் என்பதை மட்டும் அழுத்திச் சொல்வதில்லை. அது எங்கள் குறை.

அமெரிக்கச் செவிலியர் விர்ஜீனியா ஹெண்டர்சன் சொன்ன வரையறை ஞாபகம் இருக்கிறதா? ஒருவருக்குத் தேவையான பலமோ மனசோ அறிவோ இருந்திருந்தால் தானாகவே செய்துகொண்டிருக்கக் கூடிய காரியங்களில் அவருக்குத் துணை நிற்பதுதான் செவிலியம். அது குணமடைவதற்காகவும் இருக்கலாம், அமைதியாகக் கண் மூடுவதற்காகவும் இருக்கலாம். அவர் 14 அடிப்படைத் தேவைகளை வரிசைப்படுத்தினார். அதில் முதலாவது இயல்பாக மூச்சு விடுவது. நீ பரீட்சையில் அதை எழுதியிருப்பாய்.

இன்னொன்றையும் இந்தப் பெண் புரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். டாக்டர் சொல்லித்தான் செய்யும் வேலை ஒன்று, மற்றவர்களோடு சேர்ந்து செய்யும் வேலை ஒன்று, யாரும் சொல்லாமல் செவிலியர் தானே செய்யும் வேலை ஒன்று. மூச்சை எண்ணுவது, தலைமாட்டை உயர்த்தி வைப்பது, விரலைச் சூடாக்கி மறுபடி பார்ப்பது, சந்தேகம் வந்தால் டாக்டரைக் கூப்பிடுவது எல்லாம் மூன்றாவது வகை. அதற்கு ஆர்டர் வேண்டாம். ஆர்டர் இல்லாததால் செய்யாமல் விட்டால் கேட்கவும் ஆள் இல்லை. அதனால்தான் அது முதலில் கைநழுவுகிறது.

ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் என்றால் எல்லோருக்கும் விளக்கு ஞாபகம் வரும். நான் வகுப்பில் அவர் கணக்கைச் சொல்வேன். கிரிமியப் போரில் காயத்தால் இறந்தவர்களைவிட நோயால் இறந்த வீரர்கள்தான் அதிகம் என்று எண்ணி, வரைபடமாகவே போட்டுக் காட்டியவர் அவர். அந்தச் சாவு எண்ணிக்கையை யாராவது உட்கார்ந்த இடத்திலிருந்து எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?


தோட்டத்து_மகன் (திங்கள் காலை 7:55)

நான் நர்ஸ் இல்லை. கோத்தகிரிப் பக்கம் டீ ஃபேக்டரியில் வேலை. இந்த இழையை என் தங்கை அனுப்பினாள்.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ஓர் ஆஸ்பத்திரியில் 11 நாள் வைத்திருந்தோம். பெயர் வேண்டாம். கட்டில் கால்மாட்டில் ஒரு தாள் தொங்கும். 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைத்ததாக அதில் டிக் இருக்கும். இரவு 10, 12, 2, 4, 6. ஆனால் நான் ஸ்டூலில் விடிய விடிய உட்கார்ந்திருந்தேன், ஒருவரும் திருப்பவில்லை. காலையில் 5 டிக் இருக்கும். எனக்கு அப்போது அதன் அர்த்தம் தெரியாது. டெம்பரேச்சர் ஏதோ என்று நினைத்தேன்.

வீட்டுக்குக் கூட்டி வந்து துணி மாற்றும்போதுதான் இடுப்புக்குக் கீழே பார்த்தேன். உள்ளங்கை அகலத்துக்குப் புண். அதன் வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. ஏழு மாதம் ஆயிற்று ஆறுவதற்கு.

திருப்ப ஆள் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே திருப்பியிருப்பேன். 50 கிலோ இலை மூட்டை தூக்குகிற கை இது. என் அம்மா 40 கிலோகூட இல்லை. அந்த டிக்குதான் என்னைத் திருப்ப விடாமல் செய்தது.

அந்தத் தங்கை சொல்லிவிட வேண்டும் என்பதுதான் என் கருத்து.


வார்டு_சிஸ்டர்_22வருஷம் (திங்கள் காலை 8:30)

தம்பி, உங்கள் அம்மாவுக்கு நடந்தது நடந்திருக்கக் கூடாது. என் தொழிலைச் சேர்ந்தவர்களால் நடந்திருக்கிறது, மன்னித்துக்கொள்ளுங்கள்.

இதைப் படிக்கும் மற்ற வீட்டாருக்கும் சொல்கிறேன். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு வால் எலும்பு, இடுப்பு ஓரம், குதிகால், முழங்கை, தலையின் பின்பக்கம் ஐந்தையும் தினமும் கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள். சிவப்பாக இருந்து விரலால் அழுத்தி எடுத்த பிறகும் வெளுக்காமல் அப்படியே இருந்தால் அதுதான் ஆரம்பம். கருத்த தோலில் சிவப்புத் தெரியாது. சூடாக, கெட்டியாக, வலியாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். அந்த இடத்தை அழுத்தித் தேய்க்காதீர்கள். திருப்பும்போது உதவிக்கு வருகிறேன் என்று நீங்கள் கேட்கலாம். கேட்பதால் எந்த நல்ல செவிலியரும் கோபப்பட மாட்டார்.


கேள்வி_கேட்பவன் (திங்கள் காலை 9:10)

எல்லாம் சரி. ஆனால் ஒரு வார்டில் 50 பேர், இரண்டு சிஸ்டர். ஆளுக்கு ஒரு நிமிடம் என்றால் மூச்சு எண்ணவே 50 நிமிடம். அப்புறம் ஊசி எப்போது, டிரெஸ்ஸிங் எப்போது, அட்மிஷன் எப்போது? போதனா மருத்துவமனை வார்டில் 3 நோயாளிக்கு 1 நர்ஸ், மற்ற இடங்களில் 5க்கு 1 என்று இந்திய நர்சிங் கவுன்சில் அளவு வைத்திருக்கிறது. நான் வேலை செய்த இடம் எதிலும் அதைப் பார்த்ததில்லை. ஆளே இல்லாத வார்டில் நின்றுகொண்டு ஒரு மாணவியைக் குற்றவாளி ஆக்குவது எந்த ஊர் நியாயம்?


வார்டு_சிஸ்டர்_22வருஷம் (திங்கள் காலை 9:45)

நீங்கள் சொல்லும் நெரிசல் உண்மை. அதை எழுத்தில் மேலே கொண்டுபோவதும் எங்கள் பொறுப்புதான், நானும் எழுதிக் கொடுத்திருக்கிறேன், பதில் வராமலும் இருந்திருக்கிறது. ஆனால் எண்ண நேரம் இல்லை என்பதும் எண்ணியதாக எழுதுவதும் வேறு வேறு. 50 பேரையும் எண்ண முடியாவிட்டால், யாரை எண்ணியே ஆக வேண்டும் என்று பாருங்கள். காய்ச்சல், இருமல், மூச்சுத் திணறல், ஆபரேஷன் முடிந்து வந்தவர், வயசானவர், நேற்றைவிட இன்று மந்தமாக இருப்பவர். அவர்களை எண்ணுங்கள். மற்றவர் கட்டத்தைக் காலியாக விடுங்கள்.


கேள்வி_கேட்பவன் (திங்கள் காலை 9:52)

காலியாக விட்டால் மெமோ. 20 எழுதினால் யாரும் கேட்பதில்லை. இதுதான் நடப்பு.


கூடலூர்_விஎச்என் (திங்கள் பகல் 1:30)

இப்போதுதான் சிக்னல் கிடைத்தது. அந்தக் காலிக் கட்டம் பற்றி எனக்குச் சொல்ல இருக்கிறது.

நான் கிராம சுகாதாரச் செவிலியர். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று என்று கணக்கு. கேட்க எங்களுக்குச் சுலபம் மாதிரி இருக்கும். ஆனால் அந்த 3,000 பேர் எஸ்டேட் லைன், ஆதிவாசிக் குடியிருப்பு, காட்டோரம் என்று சிதறி இருப்பார்கள். யானை நிற்கிறது என்று பாதி வழியில் திரும்பிய நாள் நிறைய.

ஒரு தடவை பிபி கருவி பழுதாகிவிட்டது. 6 கர்ப்பிணிகளைப் பார்த்தேன். ஆறு பேருக்கும் பிபி கட்டத்தில் "கருவி வேலை செய்யவில்லை" என்று எழுதினேன். கூட்டத்தில் ஒருவர் எல்லார் முன்னாலும் "120/80 போட்டிருந்தால் என்ன?" என்றார். எனக்கு அழுகை வந்தது. ஆனால் மாற்றி எழுதவில்லை. இரண்டு நாளில் வேறு கருவி வாங்கிக்கொண்டு திரும்ப நடந்தேன். ஒரு பெண்ணுக்கு 150/100. ஏழாம் மாதம், கால் வீக்கம். அன்றைக்கே ஜீப் பிடித்து அனுப்பினோம். முதல் நாள் 120/80 எழுதியிருந்தால் அடுத்த மாதம்தான் அவள் வீட்டுக்குப் போயிருப்பேன்.

காலிக் கட்டம் என்னைத் திரும்பப் போக வைத்தது. மெமோ கொடுப்பவர்களுக்கு இதை யார் சொல்லிப் புரியவைப்பது என்று எனக்கும் தெரியவில்லை. கேள்வி கேட்பவர் சொல்வது அந்த அளவுக்கு உண்மை.

எங்கள் பக்கம் அரிவாள் செல் சோகை என்ற பரம்பரை ரத்த நோய் இருக்கிறது. நீலகிரிப் பழங்குடிகளிடம் இது இருப்பது 1952லேயே ஆய்வில் தெரிந்தது. மழையும் குளிரும் சேர்ந்தால் பிள்ளைகளுக்கு எலும்பில் வலி வந்துவிடும். வெளியே காயம் இருக்காது, வீக்கமும் பல நேரம் இருக்காது. அவர்கள் கத்தவும் மாட்டார்கள், சுவரைப் பார்த்துச் சுருண்டு படுத்துக்கொள்வார்கள். "வலி இல்லை போல" என்று எழுதிவிடுகிறார்கள். மார்கோ மெக்காஃபரி என்ற செவிலியர் 1968இல் சொன்னார், வலி என்பது அதை அனுபவிப்பவர் எப்படிச் சொல்கிறாரோ அதுதான் என்று. பணியரும் காட்டுநாயக்கரும் வீட்டில் பேசுவது நம் தமிழ் இல்லை. 0 முதல் 10 வரை வலி எவ்வளவு என்று தமிழில் கேட்டால் பயந்து ஏதோ ஒரு எண் சொல்வார்கள். அவர்களில் ஒரு பெண்ணைக் கூட வைத்துக்கொண்டு, அவர்கள் பேச்சிலேயே கேட்க வேண்டும். அதற்கு நேரம் ஆகும். வெந்நீர், கம்பளி, குடிக்கத் தண்ணீர், எழுதியிருக்கும் வலி மருந்து நேரத்துக்கு. இதெல்லாம் அந்த ஒரு எண்ணைச் சரியாகக் கேட்ட பிறகுதான் ஆரம்பமாகும்.


ஐசியூ_அண்ணன்_கோவை (திங்கள் மாலை 4:15)

சொந்த ஊர் குன்னூர், வேலை கோவையில். மலையிலிருந்து அனுப்பும் கேஸ்களை வாங்கிக்கொள்ளும் இடத்தில் இருக்கிறேன், அதனால் அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

ரெஃபரல் தாளில் நான் முதலில் தேடுவது சுவாச எண்தான். பெரியவர்களுக்கு ஓய்வில் 12 முதல் 20. பிபி விழுவதற்கு முன்னால் பல நேரம் மூச்சுதான் ஏறும். பிரிட்டனில் பயன்படுத்தும் எச்சரிக்கை மதிப்பெண் முறையில் 25ஓ அதற்கு மேலோ இருந்தால் அந்த ஒன்றுக்கே 3 மதிப்பெண், அதாவது அதிகபட்சம். தாளில் 20, 20, 20 என்று இருந்தால் நாங்கள் அதை நம்புவதே இல்லை. யோசித்துப் பாருங்கள், ஒரு செவிலியர் எழுதியதை இன்னொரு செவிலியர் நம்பாமல் தள்ளி வைக்கிறோம். உண்மையாகவே எண்ணி 20 எழுதியவரின் வேலையும் அதில் சேர்ந்து வீணாகிறது.

மலையிலிருந்து கூட வரும் சிஸ்டர்களுக்கு ஒரு கணக்கு. சின்ன பி டைப் ஆக்சிஜன் சிலிண்டர் முழுசாக நிரம்பியிருந்தால் சுமார் 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் போனால் 150 நிமிடம், அதாவது இரண்டரை மணி நேரம். ஊட்டியிலிருந்து கோவை சாதாரண நாளிலேயே கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். பர்லியாறு பக்கம் ஒரு மரம் சாய்ந்தால் கேட்கவே வேண்டாம். ஏறும் முன் வகுத்துப் பாருங்கள், இன்னொரு சிலிண்டர் கேளுங்கள். டிரைவர் அண்ணன் "போதும் சிஸ்டர்" என்றாலும் கேஜைக் கண்ணால் பாருங்கள். ஒரு தடவை கேஸ் வந்து இறங்கும்போது முள் சிவப்பில் இருந்தது, கூட வந்த பெண் பயத்தில் பேச முடியாமல் நின்றாள்.

அப்புறம் எண் பற்றிப் பேச்சு வந்ததால் இன்சுலின். ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள பாட்டிலுக்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100 யூனிட்டுக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். 100 பாட்டிலிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போகும். வீட்டில் போட்டுக்கொள்பவர்களுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள், டிஸ்சார்ஜ் அன்று மருந்துப் பையோடு சேர்த்து.

தங்கைக்கு: டாக்டரைக் கூப்பிடப் பயமாக இருந்தால் இப்படிச் சொல்லிப் பழகு. "9ஆம் பெட், நிமோனியா சந்தேகத்தில் நேற்று வந்தவர். காலையைவிட மூச்சு அதிகம், இப்போது எண்ணினேன் 30. ஆக்சிஜன் 92, விரலைச் சூடாக்கியும் அதே. நீங்கள் வந்து பார்க்க வேண்டும்." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதே.


நெறியாளர் (திங்கள் மாலை 5:00)

ஒரு கருத்தை நீக்கியிருக்கிறேன். பெட் எண்ணையும் வாரத்தையும் வைத்து அந்தப் பாட்டி எந்த ஹட்டி (படகர் ஊர்) என்று ஒருவர் ஊகித்து எழுதியிருந்தார். சின்ன ஊர் நம்முடையது. தயவுசெய்து வேண்டாம்.


கூடலூர்_விஎச்என் (திங்கள் மாலை 6:10)

நெறியாளருக்கு நன்றி. பஸ்ஸில் போகும்போதே கேட்பார்கள், "சிஸ்டர், எங்க பெரியம்மா மகளுக்கு என்னவாம், அடிக்கடி உங்களிடம் வருகிறாளே" என்று. சொந்தக்காரர்தான், அக்கறைதான். "அவங்களையே கேளுங்க அக்கா, நல்லா இருக்காங்க" என்று சொல்லிவிட்டு மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவேன். காசநோய் மாத்திரை வாங்கிய ஒருவர், நான் வெளியே சொல்லிவிட்டேன் என்று நினைத்து மாத்திரையை நிறுத்தினால் அதை எப்படிச் சரிசெய்வது? எச்ஐவி விஷயத்தில் 2017ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. மற்ற நோய்களுக்குச் சட்டத்தை விடப் பஸ்ஸில் பக்கத்து சீட்டுதான் பெரிய பரீட்சை.


பயிற்றுநர்_ம (திங்கள் இரவு 7:20)

சட்டம் என்றதும் ஒன்று. நாளை நீ படிப்பை முடித்துத் தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் பதிவு செய்தால் அந்தப் பதிவு எண் உன் சொந்தப் பெயரில் இருக்கும். "டாக்டர் சொன்னார், சீனியர் சொன்னார்" என்பது எல்லா இடத்திலும் காப்பாற்றாது. 1947ஆம் ஆண்டு இந்திய நர்சிங் கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாக 2023இல் தேசிய செவிலியர், மருத்துவச்சி ஆணையச் சட்டம் வந்திருக்கிறது. அதை ஒருமுறை முழுசாகப் படி. மாணவியாக இருக்கும்வரை உன்னை மேற்பார்வை செய்பவருக்கும் இதில் பங்கு உண்டு, அது உனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கட்டும். இன்று என்ன ஆயிற்று என்று எழுது அம்மா, காத்திருக்கிறோம்.


மூன்றாம்_செமஸ்டர் (செவ்வாய் இரவு 8:40)

நேற்று போனில் சார்ஜ் இல்லை, மனசும் சரியில்லை. இன்றுதான் எழுத முடிந்தது.

திங்கள் காலை 7:30க்கு ஷிஃப்ட் மாறி ஓவர் கொடுத்து முடிந்ததும் இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொன்னேன். சொல்லும்போது கால் நடுங்கியது. அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் ஃபைலை எடுத்து வரச் சொன்னார். வார்டு சிஸ்டர் அக்கா சொன்ன மாதிரியேதான். கோடு அடிக்கச் சொல்லவில்லை, இன்றைய தேதி, நேரம் போட்டுத் தாமதக் குறிப்பு எழுத வைத்தார். கீழே அவரும் கையெழுத்துப் போட்டார். எங்கள் மேடம் சம்பவ அறிக்கை எழுதச் சொன்னார், விளக்கக் கடிதமும் கேட்டிருக்கிறார். திட்டு வாங்கினேன். அது நியாயம்தான். டாக்டருக்கு இன்சார்ஜ் சிஸ்டரே போனில் சொன்னார். பாட்டியின் மகளிடமும் அவர்தான் பேசினார், நான் பக்கத்தில் நின்றேன். அந்த அக்கா என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அது திட்டைவிடக் கஷ்டமாக இருந்தது.

ரோஜா அக்கா, அன்றைய ஷிஃப்ட் சிஸ்டரிடமும் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். நீங்கள் சொன்னது நடந்துவிட்டது. அவரைப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். சரி என்றார், ஆனால் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இன்று மதியம் 2 மணிக்கு அதே வார்டில் 18 பேருக்கும் எண்ணினேன். எல்லா வைட்டல்ஸும் சேர்த்து ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. 16, 22, 14, 18, 17 என்று வந்தது. 20 என்று வந்தது இரண்டே பேருக்குத்தான்.

பாட்டி வார்டுக்குத் திரும்பி வந்துவிட்டார். மூக்கில் ஆக்சிஜன் குழாய் இருக்கிறது. கையை மடக்கி கம்பளி மேல் வைத்து எண்ணிக்கொண்டிருந்தேன், நடுவில் "என்ன கண்ணு, இவ்ளோ நேரம் கையப் புடிச்சிருக்கே" என்று பேச ஆரம்பித்துவிட்டார். எண்ணிக்கை விட்டுப்போயிற்று. பேசும்போது எண்ணலாமா அக்கா, இல்லை நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டுமா?


வார்டு_சிஸ்டர்_22வருஷம் (செவ்வாய் இரவு 9:02)

பேசும்போது எண்ணாதே, மூச்சு மாறியிருக்கும். அவர் பேசி முடிக்கட்டும், கேட்டுக்கொள். அப்புறம் ஒன்றிலிருந்து ஆரம்பி. எவ்வளவு வந்தது?


மூன்றாம்_செமஸ்டர் (செவ்வாய் இரவு 9:05)

பேரனைப் பற்றிப் பேசினார், பத்து நிமிடம் ஆயிற்று. அப்புறம் எண்ணினேன் அக்கா. 24. டியூட்டி டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதினேன்.